கருகிய சுருளைப் படித்தல்

சேர்வராயன் மலைக்குப் போகிறவர்கள் ஏரியில் படகு விடுவார்கள். இருட்டியபின் லேடீஸ் சீட்டில் நின்று சேலத்து விளக்குகளைப் பார்ப்பார்கள். மே மாதமென்றால் மலர்க்காட்சிக்கு வரிசையில் நிற்பார்கள். சென்ற ஆண்டு நாம் ஏற்காட்டிற்குப் போனபோது இவற்றில் எதையும் செய்யவில்லை. ஒரு காப்பித் தோட்டத்தின் பல்ப்பர் கொட்டகையில் சாக்கை விரித்து உட்கார்ந்து, கைப்பிடிக்குள் அடங்கும் மின் மோட்டார் ஒன்றின் கருகிய உள்ளுறுப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

தமிழ் கற்பிக்கிறவனுக்கு மோட்டாரோடு என்ன உறவு என்று நண்பர்கள் கேட்கக்கூடும். அண்ணா பல்கலைக்கழகத்தின் பாடத்திட்டத்தில் 2022 முதல் 'தமிழர் மரபு', 'தமிழரும் தொழில்நுட்பமும்' என இரு தாள்கள் சேர்ந்தன. பொறியியல் கல்லூரிகளில் தமிழ் மன்ற ஆண்டுவிழாவோடு நின்றுவிட்ட நம் போன்றவர்களுக்கு அன்றுமுதல் வகுப்பறை கிடைத்தது. கல்லணையையும் உருக்கையும் பற்றிப் பேசிக்கொண்டிருந்த நம்மை, "ஐயா, நாங்க செய்யற ரோபோவையும் ஒருமுறை வந்து பாருங்க" என்று மாணவர்கள் அழைத்தார்கள். போனோம். பிறகு அடிக்கடி போகத் தொடங்கினோம். போட்டிக்கு முந்தைய வாரம் ஏற்காட்டில் இரண்டு நாள் பயிற்சி முகாம் என்றபோது துணைக்கு ஓர் ஆசிரியர் தேவைப்பட்டார்.

அவர்களுடைய ரோபோ 18 கிலோ எடை. 15 சென்டிமீட்டர் விட்டமுள்ள சக்கரங்கள். கியர் பொருத்திய 12 வோல்ட் நேர்மின் மோட்டார்கள் இரண்டு. 20 பாகை சாய்வுள்ள பலகைமேல் ஏறி, உச்சியில் ஒரு பெட்டியை வைத்துவிட்டு இறங்கவேண்டும். கல்லூரிக் கூடத்தில் தட்டுத்தடுமாறியேனும் ஏறிய எந்திரம், ஏற்காட்டில் பாதிப் பலகையில் நின்றது. 10 ஆம்பியர் பியூஸ் போயிற்று. மாணவர்கள் 20 ஆம்பியர் பியூஸ் போட்டார்கள். இம்முறை பியூஸ் போகவில்லை, மோட்டார் போயிற்று. வார்னிஷ் கருகும் அந்த நாற்றத்தை ஒருமுறை முகர்ந்தவர் ஆயுளுக்கும் மறக்கமாட்டார்.

குற்றவாளியைத் தேடும் படலம் உடனே தொடங்கியது. ஒரு மாணவர் கைப்பேசியில் தேடி ஒரு செய்தியைக் கண்டுபிடித்தார். மின் மோட்டார்களின் திறனை வரையறுக்கும் பன்னாட்டுத் தரவிதி, கடல்மட்டத்திலிருந்து 1000 மீட்டர் உயரத்திற்கு உட்பட்ட இடங்களுக்கே அந்தத் திறனை உறுதி செய்கிறது; அதற்கு மேலே காற்றின் அடர்த்தி குறைவதால் மோட்டார் தன் வெப்பத்தை எளிதில் கைவிட முடியாது. ஏற்காடு ஏறத்தாழ 1500 மீட்டர். ஆக, மலைதான் மோட்டாரை எரித்தது! இந்த விளக்கத்தில் எல்லோருக்கும் ஒரு நிம்மதி. நமக்கும்தான், மலையின்மேல் பழிபோடுவதில் ஒரு கவித்துவம் இருக்கிறதல்லவா?

அந்த விதியின் மறுபாதியை யாரும் படிக்கவில்லை. 1000 மீட்டருக்கு மேலே ஒவ்வொரு 100 மீட்டருக்கும், அனுமதிக்கப்பட்ட வெப்ப உயர்வில் நூற்றில் ஒரு பங்கு அளவுக்குச் சுற்றுப்புறம் குளிர்ந்திருந்தால் ஈடாகிவிடும் என்பது அது. வெப்ப உயர்வின் எல்லை 80 பாகை என்று கொண்டால், ஏற்காட்டின் உயரத்திற்கு 4 பாகைக் குளிர்ச்சி போதும். விதி எடுத்துக்கொள்ளும் சுற்றுப்புற வெப்பம் 40 பாகை. கொட்டகையில் அன்று 20-ஐத் தாண்டியிருக்காது. மலை நிரபராதி.

இதை நமக்கு எடுத்துச் சொன்னவர் பொறியாளர் அல்லர். அந்தத் தோட்டத்தில் நாற்பது ஆண்டுகளாக மின்வேலை பார்த்துவரும் ஒரு பெரியவர். தரவிதி என்ற சொல்லே அவர் வாயில் வரவில்லை. "மேலே இருக்கற மோட்டாரெல்லாம் ஓடுதுங்களே கண்ணு, உங்களுது மட்டும் எப்படி மலைக்குப் பயப்படும்?" என்று மட்டும் கேட்டார். பிறகு மோட்டாரைப் பிரித்து, ஆர்மேச்சரின் முனையிலிருந்த கம்யூட்டேட்டரைத் துணியால் துடைத்து, வெளிச்சத்தில் பிடித்தார். செம்புத் தகடுகளில் எதிரெதிரே இருந்த இரண்டு மட்டும் கறுத்துக் குழிந்திருந்தன. மற்றவை பளபளவென்று இருந்தன. "இது ஓடி எரியலீங்க. நின்னு எரிஞ்சிருக்கு. ஓடியிருந்தா சுத்தியும் ஒரே மாதிரி கருத்திருக்கும். இதை யாரோ சுத்த உடாம புடிச்சு வெச்சிருக்காங்க."

ஓலைச்சுவடியில் பூச்சி அரித்த ஓட்டையின் வடிவத்தைக்கொண்டு எந்த ஏடு எதன்மேல் கிடந்தது என்று சொல்லும் பதிப்பாசிரியர்களைப் பற்றி வகுப்பில் பேசியிருக்கிறோம். அந்த வித்தையை நேரில் கண்டது அன்றுதான்.

நிற்க. 'நின்று எரிந்தது' என்ற இரண்டு சொற்களுக்குப் பின்னே நீண்ட வரலாறு உண்டு. ஓடும் எந்திரம் களைக்கும், நிற்கும் எந்திரம் ஓய்வெடுக்கும் என்பது மாட்டையும் மனிதனையும் பார்த்துப் பழகிய நம் அறிவு. மின் மோட்டார் அதற்கு நேர்மாறானது. 1834இல் கோனிக்ஸ்பர்க் நகரில் மோரிட்ஸ் யாகோபி சுழலும் மோட்டார் ஒன்றைச் செய்தார். 1838இல் பீட்டர்ஸ்பர்க்கின் நேவா ஆற்றில் பத்துப் பன்னிரண்டு பேரை ஏற்றிய படகை மின்கல அடுக்குகளின் துணையால் ஓட்டிக் காட்டினார். சுமை குறைந்தால் வேகம் மேலும் மேலும் கூடவேண்டுமே, ஏன் ஓர் எல்லையில் நின்றுவிடுகிறது என்பது அக்காலத்தவரை அலைக்கழித்த கேள்வி. விடை இதுதான்: சுழலும் மோட்டார் தானே ஒரு மின்னாக்கியும் ஆகிறது. தனக்கு ஊட்டப்படும் மின்னழுத்தத்தை எதிர்த்து அது ஓர் எதிரழுத்தத்தை உண்டாக்குகிறது. வேகம் ஏற ஏற அந்த எதிர்ப்பும் ஏறும். அந்த எதிர்ப்புத்தான் மோட்டாரின் காவல். சுழற்சி நின்றால் காவலும் நின்றுபோகும். கம்பியின் சொற்ப மின்தடையைத் தவிர மின்னோட்டத்தைத் தடுப்பதற்கு அங்கே எதுவும் இல்லை.

நம் மாணவர்களின் மோட்டாரில் சுருளின் மின்தடை 0.8 ஓம். 12 வோல்ட் கொடுத்து அசையாமல் பிடித்தால் 15 ஆம்பியர் பாயும். 180 வாட் ஆற்றல் முழுவதும் வெப்பமாக, ஒரு கொய்யாப்பழம் அளவுள்ள இரும்புக் கூட்டுக்குள் இறங்கும். 10 ஆம்பியர் பியூஸ் இதைப் பொறுக்காது. 20 ஆம்பியர் பியூஸ் வாயிற்காப்போன் உறங்கியதுபோல் விட்டுவிடும். மின்னோட்டம் இருமடங்கானால் வெப்பம் நான்கு மடங்காகும் என்ற விதியை 1841இல் எழுதிவைத்தவர் ஜேம்ஸ் ஜூல். மதுவடிக்கும் தொழில் செய்த குடும்பத்தவர் அவர். ஆலையின் நீராவி எந்திரத்திற்கு மாற்றாக மின் மோட்டார் ஆகுமா என்று கணக்குப் பார்க்கப் புகுந்து, மின்கலத்தின் துத்தநாகம் நிலக்கரியைவிட விலை மிகுந்தது என்று கண்டு கைவிட்டவர். மோட்டாரை அவர் கைவிட்டார். மோட்டாரை எரிக்கும் விதி அவரிடமிருந்து நமக்குக் கிடைத்தது.

தமிழ்நாட்டில் இந்தப் பாடம் முதலில் தெருவில் ஓடியது. சென்னையில் 1895இல் மின்சார டிராம் வந்தது. இந்தியாவிற்கு அதுவே முதல். லண்டன் மாநகரம் அதற்கு 1901 வரை காத்திருந்தது. அக்காலத்து டிராம் ஓட்டுநரின் கைப்பிடியை ஒரே இழுப்பில் கடைசிவரை தள்ளக்கூடாது. நின்றிருக்கும் மோட்டாருக்கு எதிரழுத்தம் கிடையாது. ஆகவே மின்தடைகளின் வழியே கொஞ்சமாக ஊட்டி, வண்டி நகர நகர ஒவ்வொரு தடையாக விலக்கவேண்டும். பதற்றக்காரர் கையில் மோட்டார் பிழைக்காது. அந்த டிராம் 1953இல் நின்றுபோயிற்று; கைப்பிடியைப் படிப்படியாக நகர்த்தும் பழக்கமும் அதனோடு நகரத்தின் நினைவிலிருந்து போயிற்று.

கிராமங்களுக்கு மோட்டார் வந்த கதை வேறு. 1932இல் நீலகிரியின் பைகாரா மின்சாரம் கிடைத்தது. மேட்டூர் அணை 1934இல் முடிந்தது. அதன் மின்நிலையம் 1937இல் இயங்கத் தொடங்கியது. அதே 1937இல் கோவையில் ஜி. டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து இந்தியாவிலேயே முதன்முதலாகச் செய்யப்பட்டதென்று சொல்லப்படும் மின் மோட்டாரை வெளிக்கொணர்ந்தார்கள். கோவை மோட்டாரும் பம்பும் சேலம், தருமபுரி, திருச்சி மாவட்டங்களின் கிணற்றுமேடுகளுக்கு வந்தன. கவலை இறைத்த மாடுகள் ஓய்வு பெற்றன.

மாடு தன்னால் முடியாதபோது படுத்துக்கொள்ளும். மோட்டாருக்கு அந்த அறிவு இல்லை. மின்கம்பியின் கடைசி முனையில் இருக்கும் கிணறுகளுக்கு மின்னழுத்தம் குறைந்தே வரும். மாறுமின் மோட்டாரின் முறுக்குவிசை அழுத்தத்தின் இருமடியைப் பொறுத்தது. அழுத்தம் நூற்றுக்கு இருபது குறைந்தால் முறுக்குவிசை நூற்றுக்கு முப்பத்தாறு குறையும். கிணற்று நீரோ அதே ஆழத்தில்தான் கிடக்கிறது. மோட்டார் வேகம் தளர்ந்து மின்னோட்டத்தை அதிகம் இழுக்கும், சூடேறும். மூன்று ஃபேஸில் ஒன்று இல்லாத நேரங்களில் 'கண்டன்சர்' போட்டு இரண்டு ஃபேஸிலேயே ஓட்டிவிடும் உத்தியும் பரவியது. நீர் வரும், மோட்டாரின் ஆயுள் போகும். பியூஸ் அடிக்கடி போகிறது என்று கம்பியை இரட்டையாகத் திரித்துக் கட்டாத கிணற்றுமேடு ஏதேனும் இருந்திருக்குமா என்பது ஐயமே. நெல் பால்பிடிக்கும் பருவத்தில் மோட்டார் எரிந்து நான்கு நாள் நீர் இல்லையென்றால் அவ்வாண்டுக் கடன் அடையாது. எரிந்த சுருள் அங்கே வெறும் செம்பு அன்று.

அந்த நெருக்கடியிலிருந்துதான் 'காயில் கட்டும்' கடைகள் பிறந்தன. சிறுநகரங்களின் பேருந்து நிலையத்தை ஒட்டிய சந்துகளில், வார்னிஷ் மணக்க, வாசலில் மோட்டார்களின் உடல்கள் வரிசையாய்க் கிடக்க இருந்த கடைகள். நம் பெரியவரும் மலையேறுமுன் சேலத்தில் அப்படி ஒரு கடையில் எடுபிடியாகச் சேர்ந்தவர்தாம். வந்த மோட்டாரைப் பிரித்ததும் முதல் வேலை பழைய சுருளை அறுத்தெறிவது அன்று, அதைப் படிப்பது. சுற்றிலும் எல்லாச் சுருள்களும் ஒரே நிறத்தில் கருகியிருந்தால் சுமை அதிகம், அல்லது அழுத்தம் குறைவு. சில சுருள்கள் கருகி, இடையிடையே சில புதிதுபோல் இருந்தால் ஒரு ஃபேஸ் போயிருக்கிறது: ஸ்டார் இணைப்பில் மூன்றில் இரண்டு பங்கு கருகும், டெல்டா இணைப்பில் ஒரு பங்கு. ஒரே ஸ்லாட்டில் மட்டும் ஓட்டை விழுந்திருந்தால் அங்கே காப்பு கிழிந்திருந்தது. காரணத்தைச் சொல்லாமல் புதிய காயிலைக் கட்டிக் கொடுத்தால் அடுத்த மாதமே அதே மோட்டார் திரும்பி வரும், கடைக்கு வருமானம்தான். 'எங்க முதலாளி அப்படி உட மாட்டாருங்க. வாய்க்கால் வரப்பு வரைக்கும் கேட்டுட்டுத்தான் காயில் கட்டுவாரு' என்றார் பெரியவர்.

வெப்பம் காப்புப் பொருளை எப்படித் தின்கிறது என்பதற்கு அமெரிக்கப் பொறியாளர் மான்ட்சிங்கர் 1930இல் ஒரு கணக்குச் சொன்னார். ஏறத்தாழ எட்டுமுதல் பத்துப் பாகை கூடுதலாகச் சூடேறினால் காப்பின் ஆயுள் பாதியாகும். மோட்டார் ஒரே நாளில் எரிவதில்லை என்பதே இதன் பொருள். அது பல நாள் எரிந்துகொண்டிருந்துவிட்டு ஒருநாள் நமக்குத் தெரியும்படி எரிகிறது. நம் மாணவர்களின் ரோபோ கல்லூரிக் கூடத்திலேயே எரியத் தொடங்கியிருக்கவேண்டும், ஏற்காட்டில் முடிந்தது.

மாணவர்கள் எந்திரம் செய்து போட்டியிடும் வழக்கத்தின் தொடக்கத்திலேயே இந்தச் சிக்கல் உட்கார்ந்திருக்கிறது என்பதைப் பிற்பாடு படித்து அறிந்தோம். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் 1970களில் வூடி பிளவர்ஸ் வளர்த்தெடுத்த வடிவமைப்பு வகுப்பில் எல்லா மாணவருக்கும் ஒரேவகைப் பொருள்கள் அடங்கிய பெட்டி தரப்பட்டது. வசதியுள்ளவர் பெரிய மோட்டார் வாங்கிப் போட வழியில்லை. டீன் கேமன் 1989இல் தொடங்கிய ஃபர்ஸ்ட் அமைப்பின் போட்டிகள் 1992 முதல் பள்ளி மாணவருக்கு இதை விரித்தன. ஜப்பானில் நடந்தது இன்னும் சுவையானது. தோக்கியோ தொழில்நுட்பக் கழகத்தின் மசாஹிரோ மோரி, மனிதனை மிக நெருங்கி ஒத்திருக்கும் பொம்மை நமக்கு ஏன் அச்சமூட்டுகிறது என்று 1970இல் எழுதிய அதே மோரி, தம் மாணவர்களுக்கு ஒரு பணி கொடுத்தார்: இரண்டு உலர் மின்கலங்களைக்கொண்டு ஓர் ஆளைச் சுமந்து செல்லும் வண்டி செய்க. 1988இல் என்.எச்.கே. தொலைக்காட்சி நடத்திய முதல் ரோபோ போட்டியின் பொருளும் இதுவே. இரண்டே மின்கலம்! மோட்டாரைப் பெரிதாக்கித் தப்பிக்கும் வழி அங்கே அடைபட்டுவிடுகிறது. எஞ்சியிருப்பது உராய்வைக் குறைப்பது, எடையைக் குறைப்பது, சக்கரம் எங்கே உரசுகிறது என்று தேடுவது. மோரியின் தந்திரம் இந்த அடைப்பில்தான் இருக்கிறது என்பது நம் கருத்து.

அந்த மரபிலிருந்து ஆசிய பசிபிக் ஒலிபரப்பு ஒன்றியத்தின் ரோபோகான் 2002இல் தோக்கியோவில் தொடங்கியது. 2008இல் புணேயில் நடந்தபோது கண்ணன் உறியிலிருந்து வெண்ணெய் எடுத்த கதை போட்டிப் பொருளாயிற்று, 'கோவிந்தா' என்ற பெயரில். தமிழ்நாட்டில் சென்னை ஐ.ஐ.டி.யின் சாஸ்த்ரா, திருச்சி என்.ஐ.டி.யின் பிரக்யான், கிண்டிப் பொறியியல் கல்லூரியின் குருக்ஷேத்ரா ஆகிய விழாக்களும் அதே பத்தாண்டுகளில் எழுந்தவை. பழைய கார்களின் வைப்பர் மோட்டாரைக் காயலான் கடையில் வாங்கி, கம்பி கட்டிய சுவிட்சுப் பெட்டியால் ரோபோ ஓட்டிய ஒரு தலைமுறை அவற்றில் வளர்ந்தது. அத்தகைய மோட்டார்கள் சிலவற்றின் உள்ளே, சூடு மிஞ்சினால் தானே துண்டித்துக்கொண்டு ஆறியபின் மீண்டும் இணையும் வெப்ப ஆளி இருக்கும். ஓடும்போதே நின்று சற்றுநேரத்தில் உயிர்பெறும் மோட்டாரை 'லூஸ் கான்டாக்ட்' என்று நினைத்து அந்த ஆளியைப் பிய்த்தெறிந்தவர்களை நமக்கே தெரியும். காப்பாற்ற வந்ததைக் கோளாறு என்று எண்ணிவிட்டார்கள்.

கொட்டகைக்குத் திரும்புவோம். மாற்று மோட்டாரைப் பொருத்திய கையோடு பலகையில் ஏற்றிப் பார்க்க மாணவர்கள் துடித்தார்கள். பெரியவர் விடவில்லை. ரோபோவைச் செங்கல்மேல் ஏற்றிவைத்து, சக்கரங்கள் தரையில் படாமல், மல்டிமீட்டரைத் தொடராக இணைத்து ஓடவிடச் சொன்னார். இடப்பக்கம் 0.8 ஆம்பியர். வலப்பக்கம், புதிய மோட்டார், 2.6 ஆம்பியர். எந்தச் சுமையும் இல்லாதபோதே இந்த வேறுபாடு. "இப்ப மோட்டாரைக் கழட்டிட்டுச் சக்கரத்தைக் கையில சுத்துங்க." சுற்றினார்கள். ஒவ்வொரு சுற்றிலும் ஓரிடத்தில் கை இடறியது. பேரிங்கைத் தாங்கிய தகட்டின் போல்ட்டை முறுக்கோ முறுக்கென்று முறுக்கியதில் தகடு வளைந்து, அச்சு கோணிப்போயிருந்தது. சம தரையில் மோட்டார் அந்த இடறலை விழுங்கிக்கொண்டது, ஏற்றத்தில் முடியவில்லை.

பிறகு அவர் பல்ப்பரைக் காட்டினார். காப்பிப் பழத்தோடு ஒரு கல் உள்ளே போனால் உருளை இறுகிவிடும். அவர் வந்த புதிதில் மோட்டாருக்கும் உருளைக்கும் நடுவே பட்டை பெல்ட் இருந்தது. உருளை இறுகினால் பெல்ட் நழுவும், மோட்டார் தன்பாட்டில் சுற்றிக்கொண்டிருக்கும், சத்தத்தைக் கேட்டு ஆள் ஓடிவருவார். ரோபோவிலோ மோட்டாரும் சக்கரமும் நேராகப் பூட்டப்பட்டவை. நழுவுவதற்கு இடமே இல்லாதபோது, பியூஸ் ஒன்றுதான் நழுவவேண்டியது. அதையும் அவர்கள் இறுக்கிவிட்டார்கள்.

இன்னொரு பிழை நம் துறை சார்ந்தது, வாசிப்புப் பிழை. மோட்டார் விற்பனைத் தாளில் '40 கிலோ-செ.மீ. முறுக்குவிசை' என்று பெரிய எழுத்தில் இருந்தது. மாணவர்கள் அதை மோட்டாரின் வேலைத்திறன் என்று கொண்டார்கள். அந்த எண்ணோ, எவ்வளவு சுமை வைத்தால் மோட்டார் நின்றுபோகும் என்பதன் அளவு. 18 கிலோ எந்திரம் 20 பாகைச் சாய்வில் ஏற, அந்தச் சக்கரங்களோடு, ஒவ்வொரு மோட்டாரும் 23 கிலோ-செ.மீ. கொடுக்கவேண்டும். நிற்கும் புள்ளியில் பாதிக்கு மேல்! இடறலையும் சேர்த்தால் 10 ஆம்பியருக்கு மேல் ஓடும். சக்கரத்தின் விட்டத்தை 10 சென்டிமீட்டராக்கினால் தேவை 15 கிலோ-செ.மீ. ஆகிறது, மின்னோட்டம் 6 ஆம்பியரை ஒட்டி இறங்குகிறது, சுருளில் பிறக்கும் வெப்பம் பாதிக்கும் கீழே போகிறது. வேகம் குறையும். அணித்தலைவராயிருந்த மாணவிக்கு அதில் உடன்பாடில்லை. வேகத்திற்கு மதிப்பெண் உண்டு என்று நெடுநேரம் வாதிட்டார். இரவு பத்து மணிக்குத்தான் சிறிய சக்கரத்திற்கு ஒப்பினார்.

தகட்டை நிமிர்த்தி, போல்ட்டை அளவாக முறுக்கி, பழைய 10 ஆம்பியர் பியூஸையே மீண்டும் போட்டார்கள். ரோபோ பலகையில் ஏறிற்று, மெதுவாகத்தான். பெட்டியை வைத்துவிட்டு இறங்கியதும் மாணவி முதலில் செய்த காரியம் இரண்டு மோட்டார்களின்மேலும் உள்ளங்கையை வைத்துப் பார்த்தது. இருபது முறை ஏற்றினார்கள். ஒவ்வொரு முறையும் கை வைத்து, ஒரு நோட்டில் குறித்துக்கொண்டார்கள். போட்டியில் இரண்டாம் சுற்றோடு வெளியேறினார்கள். மெதுவாக ஏறியதுதான் காரணம் என்பது மாணவியின் கட்சி. பெட்டியைப் பிடிக்கும் கை சரியில்லை என்பது மற்றவர்கள் கட்சி. அந்த வழக்கு இன்னும் தீரவில்லை.

கருகிய மோட்டாரைக் காயில் கட்டித் தரமுடியுமா என்று பெரியவரைக் கேட்டோம். இவ்வளவு மெல்லிய கம்பிக்குக் கண் பிடிக்கவில்லை என்றார். சேலத்தில் அவர் தொழில் கற்ற கடை இப்போது கைப்பேசி உறை விற்கும் கடையாகிவிட்டதாம். நவம்பர் நெருங்கிக்கொண்டிருந்தது, பழம் சிவக்கத் தொடங்கிவிட்டது. பல்ப்பரின் பேரிங்குகளுக்குக் கிரீஸ் வைக்கவேண்டும் என்று சொல்லிவிட்டு அவர் எழுந்துபோனார்.